ஒரு வாய் பாயசம்

விழுப்புரம் ரயிலடியில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவரை சவரிநாதன் யாரிடமும் ஒரு வெற்றிலைகூடக் கடன் கேட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதர் வேலையை விட்ட பிறகு கடை, மண்டி, மில், மாதா கோயில் வாசல் என்று ஓரிடம் விடாமல் கை நீட்ட ஆரம்பித்தார். தனக்காக அல்ல, சாகக் கிடக்கிறவர்களுக்காக. தனக்கென்று கேட்கக் கூசுகிறவன் அடுத்தவனுக்காகக் கேட்க இறங்கிவிட்டால் அவனைப் போல வெட்கம் கெட்டவனைப் பார்க்க முடியாது. சவரிநாதனைத் தூரத்தில் பார்த்ததும் குறுக்குச் சந்தில் திரும்பிவிடுகிற வியாபாரிகள் ஊரில் ஏழெட்டுப் பேராவது இருந்தார்கள். அவரும் சைக்கிளை அந்தச் சந்துக்கே திருப்பிக்கொண்டு போவார்.

விழுப்புரம் ஜங்ஷனில் நாலு பக்கமிருந்தும் வண்டி வரும். வைத்தியத்துக்கென்று மெட்ராசுக்குக் கிளம்பி வழியிலேயே தெம்பு தீர்ந்துபோனவர்கள், கூட வந்தவர்கள் நழுவிவிட்டதால் தனியாகிப்போனவர்கள், எந்த ஊர் என்று சொல்லக்கூட வாய் வராதவர்கள் என்று மாதத்துக்கு ஒருவராவது அங்கே வேப்பமரத்தடியில் சுருண்டு கிடப்பார்கள். பார்சல் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த மரம் நேராகத் தெரியும். இருபத்தாறு வருஷம் பார்த்துப் பார்த்து சவரிநாதனுக்குத் தாங்கவில்லை. ஐம்பத்து மூன்றாம் வருஷம் வேலையை விட்டதும் ரயிலடிக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஒரு நெல் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, ஐந்து கயிற்றுக் கட்டில் வாங்கிப் போட்டார். நல்ல மரணத்துக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் சூசையப்பரைத்தான் வேண்டிக்கொள்வார்கள் என்பதால், பங்குச் சாமியார் அதற்கு ‘சூசையப்பர் நல்மரண இல்லம்’ என்று பேர் வைத்து மந்திரித்துக் கொடுத்தார். ஊர்க்காரர்கள் அவ்வளவு நீளமான பேரைச் சொல்லிக்கொண்டிருப்பார்களா? ‘கட்டில் வீடு’ என்றார்கள். அதுவே நின்றுவிட்டது.

அங்கே பெரிய வைத்தியம் ஒன்றும் கிடையாது. உடம்பைத் துடைத்துவிடுவது, புண்ணைக் கழுவுவது, புரட்டிப் படுக்க வைப்பது, வாயை நனைப்பது, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்வது. எல்லாவற்றையும் செய்தவள் அமல்ராணி. எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் வேலை பார்த்தவள், விதவை, அதிகம் பேசாதவள். சவரிநாதனை “அண்ணே” என்பாள். அவர் ஊரெல்லாம் சுற்றி எதைக் கொண்டுவந்தாலும் முகர்ந்து பார்த்து, “இது ஆவும், இது ஆவாது” என்று இரண்டே வார்த்தையில் பிரித்துவிடுவாள்.

கொடுத்தவர்களும் பலவிதம். கோயில் தெருப் பெண்கள் சமைக்கிறபோது ஆளுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். ரயிலடிப் போர்ட்டர்கள் சம்பளத்தன்று ஆளுக்கு நாலணா கொடுத்தார்கள். திண்டிவனத்தில், நிலக்கடலையை மல்லாட்டை என்கிற ஊர் அது, மல்லாட்டை மண்டியில் மூட்டைக்கு ஒரு கைப்பிடி தர்மத்துக்கென்று மகமை எடுத்து, சனிக்கிழமைதோறும் சாக்கில் கட்டி வைப்பார்கள். இவர் பாசஞ்சரில் போய்த் தூக்கிக்கொண்டு வருவார். ஒரு ஜவுளிக்கடைக்காரர் சுவர்க் கடிகாரம் கொடுத்தார், சாகக் கிடக்கிறவர்கள் மணி பார்க்க. இன்னொருவர் ஆறு மாதம் கழித்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “போன தடவ பாத்த ஆளே இன்னும் இருக்காரே” என்று ஏமாந்த மாதிரி சொன்னார். அந்த ஆள் பெரியதம்பி. கட்டிலில் படுத்தபடியே, “மன்னிச்சுக்குங்க சாமி, ஜல்தியா பாக்கறேன்” என்றார். இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் சவரிநாதன். ஐம்பத்தாறாம் வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

அந்த வருஷம் ஐப்பசியில் கிடங்குக்காரர் வந்து, மகனுக்கு மில் வைக்க வேண்டும், தை பிறப்பதற்குள் காலி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்போது கட்டில் ஏழாகியிருந்தது. ஏழிலும் ஆள் இருந்தார்கள். வாடகைக்கு வேறு இடம் தேடினால், சாகிறவர்களுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? பத்து இடம் கேட்டார். பத்துப் பேரும் புண்ணியமான காரியம் என்று பாராட்டிவிட்டு இல்லையென்று சொல்லி அனுப்பினார்கள். தை பிறந்தால் ஏழு பேரையும் மறுபடி அந்த வேப்பமரத்தடிக்குத்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்கிற நிலை.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த தேவநாதன் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“விழுப்புரத்துல திண்டிவனம் ரோட்டு மேல நம்ம பழைய கெடங்கு ஒண்ணு சும்மா கெடக்குது சவரிநாதன். கெணறு இருக்குது. ஓடு மட்டும் மாத்தணும். அத்த ஒங்க கட்டில் வூட்டுக்கு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கறேன்.”

சவரிநாதன் எழுந்து கும்பிட்டார். தேவநாதன் கையமர்த்தினார்.

“இருங்க, இன்னொண்ணு கேளுங்க. பத்து வருசத்துக்கு முன்ன எங்கம்மா சாவக் கெடந்தப்போ, பாயசம் பாயசம்னு கேட்டுக்கினே இருந்தாங்களாம். சக்கர வியாதின்னு வூட்டுல குடுக்கல. நான் மெட்ராஸ்ல சரக்குக்கு வெல பேசிக்கினு இருந்தேன். மறுநாள் வந்து என் கையால வாய்க்கரிசிதான் போட்டேன்.” தராசுத் தட்டில் கிடந்த மல்லாட்டையைத் தள்ளிவிட்டார். “வர்ற கார்த்திகையில தெவசம். ஒங்க வூட்டுல இருக்கற ஒரு வயசான அம்மா, என் கையால ஒரு வாய் பாயசம் சாப்புடணும். தொண்டையில எறங்கறத என் கண்ணால பாக்கணும். பாத்துட்டன்னா அன்னைக்கே பத்திரத்துக்கு ஏற்பாடு பண்ணிடறேன்.”

“அதுக்கென்ன மொதலாளி, தாராளமா வாங்க” என்றார் சவரிநாதன். வாய் முந்திக்கொண்டது. திரும்பி வருகிற பாசஞ்சரில் மல்லாட்டைச் சாக்கின் மேல் உட்கார்ந்த பிறகுதான் ஆளை எண்ணிப் பார்த்தார். ஏழு பேரில் பெண்கள் மூன்று பேர். ஒருத்திக்கு இருபது வயது. ஒருத்திக்கு நினைவே இல்லை. மூன்றாவது வெள்ளையம்மாள்.

வெள்ளையம்மாள் முகையூர்ப் பக்கத்துக்காரி. தொண்டையில் புற்றுநோய். அவளும் வேப்பமரத்தடியிலிருந்து வந்தவள்தான். “பொண்ணு தண்ணி எடுக்கப் போயிருக்கா, வந்துடுவா” என்று கம்மிய குரலில் முதல் நாள் சொன்னாள். நாலு மாதம் ஆன பிறகும் அதையேதான் சொன்னாள். மகளை விட்டுக்கொடுக்கவே மாட்டாள். கஞ்சித் தண்ணியைத் துணியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிழிவாள் அமல்ராணி. ஒரு சொட்டு விட்டு, தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. “அவசரப்பட்டா மூச்சுக் கொழாயில பூடும்ணே. அப்பறம் நாம ஒண்ணும் பண்ண முடியாது” என்று அவரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள சவரிநாதனுக்கு வழி கிடையாது.

இருக்கிற நிலைமையைத் தேவநாதனிடம் சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றும் அரக்கர் இல்லை. “பெரியதம்பிக்கு ஊட்டுங்க மொதலாளி, அவருக்கு நல்லா எறங்கும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் சரியென்றிருப்பார் என்றுதான் பின்னாளில் சவரிநாதனுக்குத் தோன்றியது. அப்போது பயம். சொல்லி, அவர் மனசு மாறி, ஏழு பேரும் தெருவுக்கு வந்துவிட்டால்? கொடுப்பவர்கள் முகம் கோணக்கூடாது என்று மூன்று வருஷம் பழகியவருக்கு, அன்றைக்கும் முதுகு நிமிரவில்லை.

தெவசத்தன்று காலையில் அமல்ராணியை அனந்தபுரத்துக்கு அனுப்பினார். அங்கே கோயிலில் சேர்ந்திருந்த பிடியரிசியை எடுத்து வரச் சொன்னார். பஸ் பிடித்துப் போய்வர சாயங்காலம் ஆகிவிடும். அந்த அரிசி அடுத்த வாரமும் அங்கேயேதான் இருந்திருக்கும். அவள் இருந்தால் விடமாட்டாள் என்று தெரிந்தேதான் அனுப்பினார்.

அவள் போனதும் வெள்ளையம்மாள் கட்டிலருகே உட்கார்ந்தார்.

“அம்மா, ஒருத்தர் வர்றாரு. நம்ம எல்லாருக்கும் எடம் குடுக்கப்போறாரு. அவரு கையால ஒரே ஒரு வாய் வாங்கிக்கணும். முழுங்க வேணாம், அப்படியே வாயில வெச்சிக்குங்க. அவரு போனதும் துப்பிடலாம்.”

வெள்ளையம்மாள் அவரையே பார்த்தாள். “எல்லாருக்குமா எடம்?” என்று மூச்சுக் காற்றாகக் கேட்டாள்.

“எல்லாருக்கும்தான்.”

சரியென்று தலையாட்டினாள்.

தேவநாதன் குளித்து நெற்றியில் நாமம் இட்டு, மனைவி சுமந்துவந்த பித்தளைத் தூக்கோடு வந்தார். பருப்புப் பாயசம், வெல்லமும் ஏலக்காயும் மணந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் மண்டியிட்டார். “அம்மா” என்றார். அந்த வார்த்தையிலேயே அவர் குரல் உடைந்துவிட்டது. கரண்டியால் மொண்டு வாயில் விட்டார். வெள்ளையம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

“முழுங்கும்மா.”

அவள் அசையவில்லை. தேவநாதன் அவளுடைய தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். “முழுங்கும்மா, என் சாமி” என்றார் மறுபடியும். வெள்ளையம்மாளின் கண் திரும்பி சவரிநாதனைத் தேடியது. என்ன செய்யட்டும் என்று கேட்டது.

சவரிநாதன் சரியென்று தலையை ஆட்டினார்.

அவள் விழுங்கினாள். உடம்பு முழுக்க ஒரு தரம் தூக்கிப்போட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. தேவநாதன் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு தானும் அழுதார். “இன்னொரு வாய்” என்று மறுபடி மொண்டார். வெள்ளையம்மாள் இந்தத் தடவை யாரையும் பார்க்கவில்லை. தானாகவே வாயைத் திறந்தாள்.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் இருமல் ஆரம்பித்துவிட்டது. சவரிநாதனுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகைத் தடவிவிடுவதுதான். தடவிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அரிசி மூட்டையோடு வந்த அமல்ராணி, தலையணைத் துணியை எடுத்து முகர்ந்தாள். வெல்ல வாசனை.

“யாருண்ணே குடுத்தது?”

“மொதலாளி ஆசப்பட்டாரு…”

அவள் அவரைப் பார்த்தாள். அனந்தபுரத்து அரிசி மூட்டையைப் பார்த்தாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாளே நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கொதித்தது. மூன்றாம் நாள் உச்சி வேளையில் வெள்ளையம்மாள் கையசைத்து அவரைக் கூப்பிட்டாள். அவர் காதை வாயருகே கொண்டுபோனார்.

“எடம் குடுத்துட்டாரா?”

“குடுத்துட்டாரும்மா.”

நல்லது என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றது. நல்ல மரணத்துக்கென்று வைத்த வீட்டில் அவள் ஒருத்திக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. கெடுத்தது நான்தான் என்று சவரிநாதன் அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தை பிறப்பதற்கு முன்பே கட்டில் வீடு திண்டிவனம் ரோட்டுக்குப் போய்விட்டது. ஏழு கட்டில் பன்னிரண்டாயிற்று, பிறகு இருபதாயிற்று. அதற்கும் அந்தப் பாயசம்தான் காரணம். தேவநாதன் போகிற இடமெல்லாம், “எங்கம்மா ஆத்மா அந்தக் கெழவியம்மா ரூபத்துல வந்து ரெண்டு வாய் சாப்டுச்சு, என் கண்ணால பாத்தேன்” என்று சொன்னார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள், மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். இரண்டாவது கொட்டகையே அந்தக் கதையைக் கேட்டு ஒருவர் போட்டுக் கொடுத்ததுதான். தேவநாதன் அதைச் சொல்லும்போதெல்லாம், “ஆமாவா இல்லியா சவரிநாதன்?” என்று சாட்சிக்குக் கூப்பிடுவார். “ஆமாங்க மொதலாளி” என்பார் இவர். அந்த ஆமாம் ஒவ்வொன்றும் முள்ளாகத்தான் இறங்கியது.

சவரிநாதன் வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டினார்: ‘வெளியிலிருந்து கொண்டுவரும் உணவை அடுப்படியில் கொடுக்கவும். நோயாளிகளுக்கு யாரும் ஊட்டக் கூடாது.’ டாக்டர் உத்தரவு என்று தேவநாதனிடம் இன்னொரு பொய் சொன்னார். ஒரு பெரிய குடும்பம் கோபித்துக்கொண்டு கொடுப்பதை நிறுத்தியது. போகட்டும் என்றார். அந்தக் கார்த்திகையிலேயே சொல்லியிருக்க வேண்டிய ‘போகட்டும்’ அது.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தார். அவர் நல்ல மனிதர். “உங்க நோக்கம் நல்லதுதானே, சேசு மன்னிப்பார்” என்று மன்னிப்புக் கொடுத்தார். ஆனால் அமல்ராணியை அனந்தபுரத்துக்கு அனுப்பியதை மட்டும் சவரிநாதன் சொல்லவில்லை. சொல்லாததற்கு மன்னிப்பு எப்படிக் கிடைக்கும்? அதனால் ஒரு முடிவு செய்து வைத்திருந்தார். வெள்ளையம்மாளின் சொந்தமென்று யாராவது என்றைக்காவது வந்தால், ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. திட்டினால் திட்டட்டும், அடித்தால் அடிக்கட்டும். ‘உங்கம்மாவை நான்தாம்மா கொன்னேன்’ என்று எத்தனையோ தரம் சைக்கிள் மிதித்துக்கொண்டே சொல்லிப் பார்த்திருக்கிறார்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆவணியில் ஒரு முற்பகலில், ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்ணை அமல்ராணி அழைத்து வந்தாள். கையில் மூடி போட்ட ஒரு தூக்கு. வெயிலில் வெகுதூரம் நடந்து வந்த கால்கள்.

“எம் பேரு கோவிந்தம்மாளுங்க. முகையூர்ப் பக்கம். ஒம்பது வருசத்துக்கு முன்ன ரயிலடி மரத்தாண்ட கெடந்த ஒரு அம்மாவ இங்க தூக்கிக்கினு வந்தீங்களாமே. வெள்ளையம்மாள்னு. நான் அவங்க பொண்ணுங்க.”

சவரிநாதன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவள் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாள்.

“மெட்ராசு பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவலாம்னுதான் வந்தேங்க. தண்ணி எடுத்துக்கினு வர்றேன்னு சொல்லிட்டுக் கொழாயாண்ட போனேன். சொம்பு ரொம்பிடுச்சு. திரும்பி நடக்கக் காலு வரலீங்க. வூட்டுல மூணு புள்ளைங்க, அதுங்களுக்கே கூழு இல்ல. அம்மாவுக்கோ எது குடுத்தாலும் எறங்கல. அப்படியே சொம்போட வெளிய போயிட்டேன். இத்தன வருசமா இந்த ரயிலடிப் பக்கமே வரல. ஒரு வாய் தண்ணி குடிச்சா அந்த சொம்புதான் முன்னால வந்து நிக்குது.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க ஐயா. சாவறதுக்கு முன்ன எங்கம்மா வாயில எதுனா போச்சுங்களா? வெறும் வயித்தோடவா போனாங்க?”

சவரிநாதன் வாயைத் திறந்தார்.

“பாயசம் சாப்டாங்கம்மா.”

“பாயசமா?”

“பருப்புப் பாயசம்.”

“முழுங்குனாங்களா?”

“முழுங்குனாங்க. ரெண்டு வாய்.”

கோவிந்தம்மாள் முகத்தில் ஒன்பது வருஷத்துப் பாரம் இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு மற்றதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வந்தால்தான் என்ன? தன் நெஞ்சு காலியாவதற்கு அவள் நெஞ்சில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருக்கும். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பயமும் அதற்குள் இருந்தது என்பது அவருக்கே தெரியும்.

“யாரு ஐயா குடுத்தாங்க?”

“நான்தாம்மா… நான்தான் குடுக்க வெச்சேன்.”

அவள் அவருடைய வலது கையை இழுத்துத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கையை உருவிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. உருவவில்லை.

“அம்மாவுக்குன்னு கேப்பைக் கூழு காச்சிக்கினு வந்தேங்க. இங்க யாருக்குனா என் கையால ஒரு வாய் குடுத்துட்டுப் போறேன்.”

அமல்ராணி பலகையைக் காட்டினாள். “அடுப்பாண்ட குடுத்துடும்மா. ஆருக்கு எறங்குமோ அவங்களுக்கு நான் குடுக்கறேன்.”

கோவிந்தம்மாளின் முகம் வாடியது. தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தவள், திடீரென்று அவர் பக்கம் திரும்பினாள். “அப்போ நீங்க சாப்புடுங்க ஐயா. எங்கம்மாவுக்குப் போட்ட மகராசன் நீங்க. ஒங்களுக்குப் போட்டா எங்கம்மாவுக்குப் போட்ட மாதிரிதான்.”

அவர் மறுப்பதற்குள் மூடியைத் திறந்து, கட்டியான கூழை உள்ளங்கையில் அள்ளி, வாயருகே கொண்டுவந்துவிட்டாள். சவரிநாதன் வாயைத் திறந்தார். கூழ் நாக்கின் மேல் உட்கார்ந்தது. இறங்கவில்லை. துப்பிவிடலாம். அவள் போனதும் துப்பிவிடலாம். கோவிந்தம்மாள் நகராமல் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முழுங்குங்க ஐயா.”

சவரிநாதனின் கண் தானாகத் திரும்பி அமல்ராணியைத் தேடியது. அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். அவரைப் பார்த்தாள். தலையை ஆட்டவில்லை. திரும்பிக் கட்டில்களைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

அவர் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

“அழுவாதீங்க ஐயா” என்று சொல்லிக்கொண்டே கோவிந்தம்மாள் அடுத்த வாயை அள்ளினாள்.